தாதி, தூதரகக் காரியதரிசி, கொலைகாரக் கிழவி

1971 ஜனவரி 30ஆம் தேதி பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடரின் புதுக் கதை ஒன்று தொடங்கியது. பெயர் 'தி மைண்ட் ஆஃப் ஈவில்'. லண்டனில் உலக அமைதி மாநாடு நடக்கிறது. சீனப் பிரதிநிதிகளின் தலைவர் செங் தேக் இறந்துபோகிறார். அவர் இடத்துக்கு வந்த ஃபூ பெங் கொதித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தணிப்பதற்காக டாக்டராக நடிக்கும் ஜான் பெர்ட்வீ சட்டென்று சீனத்தில் பேச ஆரம்பிக்கிறார். ஃபூ பெங்கின் முகம் மலர்ந்துவிடுகிறது.

பீக்கிங்கிலிருந்து வந்த அதிகாரியிடம் பேசுவதென்றால் மாண்டரின் பேசியிருக்க வேண்டும். அந்த அறையில் ஒலித்ததோ ஹொக்கியன். பினாங்குக் கடைத்தெருக்களின் பேச்சு அது. ஜொகூரில் மூவார், பத்து பகாட் மளிகைக் கடைகளில் பற்றுக் கணக்கு வைத்தே அதைப் பிடித்துக்கொண்ட தமிழர்கள் உண்டு. செங் தேக் என்ற பெயரைக்கூட பினாங்கில் எந்தக் கடைப் பலகையிலும் பார்க்கலாம். பெர்ட்வீக்கு அந்த வசனத்தில் கைகொடுத்தவர், கதையில் கேப்டன் சின் லீயாக நடித்த பிக்-சென் லிம். பினாங்கில் 1944 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர். கதையை எழுதிய டான் ஹௌட்டன் அவருடைய கணவர். உலக அமைதியைப் பற்றிய ஒரு லண்டன் கற்பனைக்குள் மலாயாவின் வீட்டுப் பேச்சு நுழைந்தது இப்படித்தான்.

பிக்-சென் லிம் 2025 ஜூன் 9 அன்று தமது 80ஆவது வயதில் காலமானார். பெயரைச் சொன்னால் மலேசியாவில் பலர் விழிப்பார்கள். 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடரில் சிவப்புப் புத்தகம் வைத்திருக்கும் சீனப் பெண் என்றால், ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் முகம் ஞாபகம் வந்துவிடும். குணச்சித்திர நடிகைகளின் விதியே இதுதான். வேடம் நினைவிருக்கும், பெயர் இருக்காது. தமிழ்ப் படத்தில் மனோரமாவும் காந்திமதியும் பெயரோடு நின்றார்கள் என்றால், அவர்களுக்கு எழுதப்பட்ட வேடங்களில் ஒரு ஊர் இருந்தது, ஒரு வட்டார வழக்கு இருந்தது, கூடவே ஒரு வாழ்க்கை இருந்தது. மலாயாவிலிருந்து லண்டன் போய் நடித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாட்டின் பெயரும் ஒரு சீருடையும்தான் கொடுத்தார்கள்.

லிம் நாடகம் பயில லண்டன் போன காலத்தில் நிலைமை என்ன? 1958இல் வெளிவந்த 'தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹாப்பினஸ்' படம் சீனாவில் நடக்கும் கதை. எடுத்தது வேல்ஸ் மலைகளில். சீன மாண்டரினாக நடித்தவர் ராபர்ட் டோனட், ஆங்கிலேயர். சீனத் தளபதியாகக் கர்ட் யூர்கன்ஸ், ஜெர்மன்காரர். சீனக் குழந்தைகளாக வந்தவர்கள் லிவர்பூல் சீனக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரிய வேடம் வெள்ளையருக்கு, கூட்டம் சேர்க்க மட்டும் நிஜச் சீனர் என்பதுதான் வழக்கம். 1965இல் ஃபூ மாஞ்சூ வில்லனாகக் கிறிஸ்டோபர் லீ கண் இமையை இழுத்து ஒட்டிக்கொண்டு வந்தபோது, அவருக்கு மகளாக நடித்தவர் மட்டும் சீனப் பெண்ணான ட்சாய் சின்.

ஐடிவியில் அப்போது வாரம் இரண்டு முறை ஓடிக்கொண்டிருந்தது 'எமர்ஜென்ஸி வார்ட் 10'. 1957 முதல் 1967 வரை நடந்த ஆஸ்பத்திரித் தொடர் அது. ஜமைக்காவில் பிறந்த ஜோன் ஹூலி அதில் டாக்டராக வந்து, 1964இல் வெள்ளைக்கார டாக்டர் ஒருவரை முத்தமிட்ட காட்சி ஒளிபரப்பானது. அக்காலத்தில் அது சின்ன விஷயமல்ல. பிக்-சென் லிம்முக்குக் கிடைத்ததும் அதே ஆஸ்பத்திரியில், தாதி வேடம்.

இந்த வேடத்தில் மட்டும் கற்பனை குறைவு. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கியதிலிருந்தே ஆள் பற்றாக்குறையில் தவித்தது. காலனி நாடுகளிலிருந்து இளம்பெண்களைப் பயிற்சித் தாதியராக வரவழைத்தார்கள். மலாயாவிலிருந்து சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் என்று கப்பல் ஏறியவர்கள் ஏராளம். ஜொகூரில் கிராணி வீட்டுப் பெண்ணோ வாத்தியார் வீட்டுப் பெண்ணோ சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிவிட்டால் வீட்டில் இரண்டே பேச்சுதான் நடக்கும்: ஆசிரியர் வேலையா, இங்கிலாந்தில் நர்ஸிங்கா. போனவர்கள் குளிர்கோட்டு போட்டு எடுத்த புகைப்படத்தை அனுப்புவார்கள். அது கூடத்துச் சுவரில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் மலாயாப் பெண்ணை நேரில் பார்த்த இடம் அநேகமாக ஆஸ்பத்திரி வார்டுதான். ஆகவே தொலைக்காட்சியிலும் அவர் தாதியாகவே வந்தார்.

டான் ஹௌட்டனும் அந்த ஆஸ்பத்திரித் தொடருக்கு எழுதியவர்தான். பிறகு 'டாக்டர் ஹூ'வுக்கு 'இன்ஃபெர்னோ' எழுதினார், அடுத்து 'தி மைண்ட் ஆஃப் ஈவில்'. அதில் மனைவிக்கு எழுதிய வேடத்தைப் பாருங்கள். கேப்டன் சின் லீ ராணுவ அதிகாரி, மிடுக்கானவள், ஆனால் வில்லனின் மனோவசியத்தில் இருப்பவள். ஒரு கட்டத்தில் அமெரிக்கப் பிரதிநிதியின் கண்ணுக்கு அவள் சீன டிராகனாகவே தெரிகிறாள். வேடம் பெரிது, மரியாதையும் உண்டு. ஆனால் சீனப் பெண் என்றதும் டிராகன் வராமல் கதை நகரவில்லை. கட்டிய கணவன் எழுதினாலும் காலத்தின் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை போலும்.

அந்தக் கதையின் வண்ண ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும் தப்பியது. பல வருட உழைப்பில் அதற்கு மறுபடியும் வண்ணம் ஏற்றி 2013இல் டிவிடியாக வெளியிட்டார்கள். பெர்ட்வீயின் ஹொக்கியனை இன்றும் கேட்கலாம். பினாங்குக்காரர்கள் உச்சரிப்புக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஹௌட்டன் பிறகு ஹாம்மர் என்ற திகில் படக் கம்பெனிக்குப் போய் டிராகுலா படங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றான 'தி சடானிக் ரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் மர்மமான சீனப் பெண்ணாக வருபவர் பார்பரா யு லிங், சிங்கப்பூரில் பிறந்தவர். 1974இல் 'தி லெஜெண்ட் ஆஃப் தி 7 கோல்டன் வாம்பயர்ஸ்' வந்தது. குங்ஃபூவையும் டிராகுலாவையும் சேர்த்துக் கிண்டிய அந்தப் படத்தில் ஹாம்மரின் கூட்டாளி ஹாங்காங் ஷா பிரதர்ஸ். ஜொகூர் ரசிகர்களுக்கு ஷா என்றால் வேறெங்கோ இருக்கும் கம்பெனியல்ல. சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பி. ரம்லியை வைத்து மலாய்ப் படம் எடுத்தவர்கள், மலாயா நகரங்களெங்கும் கொட்டகை நடத்தியவர்கள். ஜாலான் அம்பாஸில் எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்ற தென்னிந்திய இயக்குநர்கள் மலாய் நடிகைகளை இயக்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜொகூர் பாருவிலிருந்து பஸ் தூரத்தில், தமிழர் இயக்கத்தில் மலாய்த் தாய்மார்களும் மாமியார்களும் முழு மனிதர்களாகத் திரையில் நடமாடினார்கள். பி. ரம்லியே இயக்கிய 'இபு மெர்துவாகு' படத்தில் மாமியார் நியோஞா மன்சூராக வந்த மாக் டாராவை மறந்தவர் யார்? லண்டன் போனவர்களுக்கு அப்படியொரு வேடம் கிடைக்கப் பல காலம் ஆயிற்று.

1977 டிசம்பர் 30 அன்று லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடரைத் தொடங்கியது. வின்ஸ் பாவெல் எழுதியது. மாலை வகுப்பு ஒன்றில் ஜெரமி பிரவுன் என்ற இளம் ஆசிரியர் அயல்நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். அவராக நடித்தவர் பேரி எவன்ஸ். சீக்கியர், பாகிஸ்தானி, ஜப்பானியர், சீனர், இத்தாலியர், கிரேக்கர், ஸ்பானியர் என்று வகுப்பில் நாட்டுக்கு ஒருவர். 1979 வரை மூன்று சுற்றுகளாக 29 பகுதிகள் ஓடின.

அந்த வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு சாம்ராஜ்யத்தின் முகவரிப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல இருக்கும். சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானி அலி நதீமாக வந்த டினோ ஷஃபீக் டாக்காக்காரர். இந்தியக் குடும்பப் பெண் ஜமிலாவாக வந்து எந்நேரமும் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஜமிலா மாஸி சிம்லாவில் பிறந்தவர். ஸ்பானியராக நடித்த ரிக்கார்டோ மொண்டெஸ் ஜிப்ரால்டரில் பிறந்தவர். பிரெஞ்சு அழகியாக வந்த ஃபிரான்ஸ்வா பாஸ்கல் மொரீஷியஸில் பிறந்தவர். ஜப்பானியர் தாரோவாக வந்த ராபர்ட் லீ சீன வம்சாவளியினர். ஆங்கிலம் தெரியாதவர்களாக நடித்த இவர்கள் ஆங்கிலத்தில் பிழைப்பு நடத்தியவர்கள். ஜமிலா மாஸி தம் கணவர் ரெஜினால்ட் மாஸியோடு சேர்ந்து இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். அவரைத்தான் நாலு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரியாத பெண்ணாக உட்காரவைத்தார்கள்.

பிக்-சென் லிம்முக்குச் சீனத் தூதரகக் காரியதரிசி சுங் சு-லீ வேடம். எதைக் கேட்டாலும் தலைவர் மாவோவின் சிவப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பதில். பக்கத்து பெஞ்சு ஜப்பானியரோடு ஓயாத சண்டை. 'ர'வும் 'ல'வும் இடம் மாறிய உச்சரிப்பு. வேடிக்கை என்னவென்றால் தொடர் ஆரம்பித்தபோது மாவோ இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பீக்கிங்கில் காற்று திசை மாறிவிட்டது. லண்டன் வகுப்பறையில் சு-லீ மட்டும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

ஆனாலும் லிம் அந்த வேடத்தை எப்படி நடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பே கத்தும்போது அவர் கத்தமாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஒரு கோடும் அசையாமல், தீர்ப்புச் சொல்வதுபோல வசனத்தைச் சொல்வார். சிரிப்பு அந்த விறைப்பில் இருந்தது. உச்சரிப்புக் கோமாளித்தனத்தை எழுத்தாளர் கொடுத்தார், கௌரவத்தை நடிகை தாமே சேர்த்துக்கொண்டார். பழைய பகுதிகளை இப்போது பார்க்கும்போது நகைச்சுவையில் பாதி ஊசிப்போய்விட்டது. அந்த விறைப்பு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

இந்தத் தொடர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிடித்துக்கொண்டது. ஜொகூர் பாருவாசிகளுக்கு இரட்டை வசதி. தெற்கே ஏரியலைத் திருப்பினால் சிங்கப்பூர், வடக்கே திருப்பினால் மலேசியாவின் ஆர்டிஎம். சிங்கப்பூரில் 1974இலேயே வண்ணம் வந்துவிட்டது, மலேசியாவில் 1978 முடியும்வரை கறுப்பு வெள்ளைதான். அதனால் எந்தப் பக்கம் ஏரியல் அதிகம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மின்சாரம் எட்டாத தோட்டங்களில் கார் பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி, அதன் முன்னால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும்.

அந்தச் சிரிப்புக்கு ஜொகூரில் இன்னொரு பின்னணி உண்டு. 1970இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டாக மலாய் வழிக்கு மாற ஆரம்பித்தன. 1982க்குள் இடைநிலைப் பள்ளிகளிலும் அது முடிந்துவிட்டது. ஆக, லண்டனில் அயல்நாட்டார் ஆங்கிலம் கற்கத் திணறும் கதை ஓடிய வருடங்களில், இங்கே ஆங்கிலப் பள்ளி என்ற ஏற்பாடே வீட்டுக்குள் ஒரு தலைமுறையோடு முடிந்துகொண்டிருந்தது. அண்ணன் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதியவர், தம்பி மலாய் வழி எஸ்பிஎம் எழுதப்போகிறவன். பிரவுன் வாத்தியார் திருத்தும் பிழை ஒவ்வொன்றுக்கும் அண்ணன் முதலில் சிரிப்பார், தம்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். கேலி செய்யப்படுவது தங்களைப் போன்றவர்கள்தான் என்ற உறுத்தல் அந்தக் கூடத்தில் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் என்ற பெருமை அதை மூடிவிட்டது.

சு-லீயின் சிவப்புப் புத்தகத்துக்கு இங்கே அர்த்தமே வேறு. பிரதமர் துன் ரசாக் 1974 மே மாதம் பீக்கிங் போய்த் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டாலும், காட்டுக்குள் கம்யூனிஸ்ட் போராளிகள் இருந்தார்கள். 1989 ஹாட்யாய் ஒப்பந்தம்வரை அந்தச் சண்டை முடியவில்லை. மாவோவின் புத்தகத்தோடு ஒருவர் பிடிபட்டால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காது. லண்டனில் அது நகைச்சுவைப் பொருள், இங்கே தடயப் பொருள். அதை ஒரு மலாயாப் பெண் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கவைக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் பினாங்குக்காரர் என்பதே பலருக்குத் தெரியாது, நிஜமான பீக்கிங் சீனர் என்றே நினைத்தார்கள்.

தொடரை நிறுத்தியவர் மைக்கேல் கிரேட், லண்டன் வீக்எண்டின் நிகழ்ச்சி இயக்குநர். இனங்களைக் கேலி செய்கிறது என்பது அவருடைய காரணம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் தொடர் தொடங்கிய அதே 1977இல் 'டாக்டர் ஹூ'வின் 'தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' கதையில் சீன மந்திரவாதியாக நடித்தவர் ஜான் பென்னட் என்ற ஆங்கிலேயர், முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். பிபிசியின் 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரில் இந்தியப் பணியாள் ரங்கி ராமாக வந்தவரும் சாயம் பூசிய மைக்கேல் பேட்ஸ்தான். அந்தச் சந்தையில் 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' ஒன்றைச் செய்தது. கேலிக்குரிய ஆசியரையாவது ஆசியரே நடிக்க வாரச் சம்பளம் கொடுத்தது. கேலியை ஒழித்தபோது சம்பளமும் சேர்ந்து போயிற்று. கிரேட் இன்னும் நல்ல வேடங்களை அவர்களுக்கு எழுதச் சொல்லியிருந்தால் அந்தத் தீர்மானத்தை முழு மனதோடு பாராட்டலாம்.

வெள்ளைக்காரரை மட்டும் பழிப்பதில் அர்த்தமில்லை. 2008இல் 'தசாவதாரம்' வந்தபோது கமல்ஹாசன் ஜப்பானிய வீரராகவும் முகம் மாற்றி வந்தார். ஜொகூர்க் கொட்டகைகளில் சீன நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்த தமிழர்கள் கைதட்டினார்கள்.

மலாயாவைப் பற்றிய பிரிட்டிஷ் யுத்தக் கதைகளிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1956இல் 'எ டவுன் லைக் ஆலிஸ்' வந்தது. ஜப்பானியர் பிடியில் சிக்கிய ஆங்கிலப் பெண்கள் மலாயா முழுக்க நடந்தே அலைகிற கதை. அதிலே கண்டிப்பான மூத்த பெண்களில் ஒருவராக நடித்தவர் ஜீன் ஆண்டர்சன், பிரிட்டனின் தேர்ந்த குணச்சித்திர நடிகை. கால் நூற்றாண்டு கழித்து 1981இல் பிபிசி 'டென்கோ' எடுத்தபோது மறுபடியும் அதே யுத்தம், அதே ஜப்பானியர் பிடி, அதே ஜீன் ஆண்டர்சன், ஜோஸ்லின் ஹோல்புரூக் என்ற வேடத்தில். இரண்டு தலைமுறைக்கு அவர்தான் ஜப்பானியர் காலக் கதைகளின் மூத்த பெண்முகம். 'டென்கோ'வில் சிங்கப்பூர்க் கலப்பினப் பெண் கிறிஸ்டினாவாக வந்த எமிலி போல்டன் பிறந்த ஊர் கரீபியன் கடலின் அருபா. அதே யுத்தத்தில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் எத்தனை ஆயிரம்! அவர்களுக்கு இந்தக் கதைகளில் வசனம் கிடையாது. அந்த ரயில் பாதையைப் பற்றிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தார்கள். அதிலும் தமிழ்த் தொழிலாளி கதைக்குள் வரவில்லை.

பிக்-சென் லிம் நடிப்பை விடவில்லை. வயது ஏற ஏற வேடம் குறைவது எந்த நாட்டு நடிகைக்கும் நடப்பதுதான், அவருக்கு முதலிலேயே குறைவு. 2011இல் ரோவன் அட்கின்சனின் 'ஜானி இங்கிலிஷ் ரீபார்ன்' வந்தது. அதில் துப்புரவுத் தொழிலாளி வேஷத்தில் நடமாடும் கூலிக் கொலையாளியாக, தூசி உறிஞ்சும் கருவிக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய வயதில் ஓடிச் சாடினார். ஆசிய மூதாட்டி கையில் துடைப்பமோ கருவியோ இருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள் என்பதுதான் அந்த வேடத்தின் வித்தை. ஜானிக்கோ அதன் பிறகு வெள்ளைத்தலைப் பெண் யாரைக் கண்டாலும் சந்தேகம். மேலதிகாரியின் தாயைப் போட்டுப் புரட்டியெடுக்கிறார், கடைசியில் மகாராணியையே விடவில்லை. அரை நூற்றாண்டு முன்னால் மலாயாப் பெண்ணுக்கு லண்டன் கொடுத்த சீருடை தாதியுடையது, இப்போது துப்புரவு ஊழியருடையது. ஆனால் இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கத்திலிருந்து வந்தது.

இன்று பிரிட்டனில் மலேசியர்கள் வேடத்துக்காகக் காத்திருப்பதோடு நிற்கவில்லை. மலேசியாவில் பிறந்த தமிழர் ராணி மூர்த்தி மான்செஸ்டரில் 'ராசா' என்ற நாடகக் குழுவை நடத்துகிறார். நடிப்பவரும் அவரே, எழுதுபவரும் அவரே. 'கறி டேல்ஸ்' நாடகத்தில் மேடையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துப் பார்வையாளருக்குப் பரிமாறியவர். 'ஹூஸ் சாரி நவ்?' நாடகத்தில் சேலையை வைத்துப் பல பெண்களின் கதையைத் தனியாளாக நடித்துக் காட்டினார். அந்தப் பெண்களின் பேச்சை எழுதியது அவர்தான், வேறு யாரும் வந்து உச்சரிப்பைத் திருத்தவில்லை.